கண்ணாயி கடையில் தொங்கிய கட்டை

ஏற்காட்டு ஏரிக்குப் போகிற வழியில் கடைகள் வரிசையாக இருக்கும். மற்றவர்கள் கடை முகப்பில் வாழைத்தார் தொங்கவிடுவார்கள், ஸ்வெட்டர் தொங்கவிடுவார்கள், பிளாஸ்டிக் பொம்மை தொங்கவிடுவார்கள். கண்ணாயி ஒரு கட்டையைத் தொங்கவிட்டிருந்தாள். முழங்கை நீளம் இருக்கும். பலா மரத்து வைரம், வழவழவென்று இழைத்தது. ஒரு முனையில் ஓட்டை போட்டு நைலான் கயிற்றைக் கோத்திருந்தாள். கீழே அண்டாவில் மக்காச்சோளம் கொதிக்கும், மேலே கட்டை ஆடிக்கொண்டிருக்கும்.

"அது என்னம்மா, ஏதாவது சாமியா?" என்று டூரிஸ்டுகள் கேட்பார்கள்.

"சாமியெல்லாம் இல்லீங்க. எங்கப்பா எனக்குப் போட்ட கழுத்து நகைங்க. வாழவந்திச் சின்னையன்னு பேரு. அந்தப் பக்கம் போனீங்கன்னா கண்ணாயி சொன்னான்னு சொல்லுங்க."

கேட்டவர் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். சோளத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தேய்த்துக்கொண்டே முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுப்பாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாராவது பறந்தாலும் மசிய மாட்டாள். சோளம் வேண்டுமா, சின்னையன் கதையைக் கேள். அவ்வளவுதான்.

சின்னையன் ஒன்றும் செத்துப்போன மனுஷர் இல்லை. மலைக்குள்ளேயே, பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில், காப்பித் தோட்டமும் சாமைக்காடும் வைத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். ஊர்க்கூட்டத்தில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையைத்தான் மகள் குறிவைத்தாள். அந்த ஆள் ஒருநாள் இந்தக் கடைக்கு வர வேண்டும், நாலு பேர் பார்க்க நின்று, 'நான் செஞ்சது தப்பு' என்று வாயால் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் கட்டை இறங்காது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனால்கூட அவள் வேறெதையும் வேண்டிக்கொண்டது கிடையாது.

கட்டை என்றால் என்ன கட்டை என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மேய்ச்சலுக்கு விடுகிற மாடுகளில் ஒன்றிரண்டு திருட்டு மாடாக இருக்கும். கண் அசந்தால் அடுத்தவன் வெள்ளாமையில் போய் வாய் வைக்கும். அப்படிப்பட்ட மாட்டின் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டி முன்னங்கால்களுக்கு நடுவில் தொங்கவிடுவார்கள். மெதுவாக நடந்தால் ஒன்றும் இல்லை, ஓடினால் முட்டியில் இடிக்கும். தொண்டுக்கட்டை என்று பெயர். வெள்ளாமை வீடு வந்து சேர்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். மாட்டுக்கு அது சரி. சின்னையன் அதைப் பெற்ற மகளுக்குக் கட்டினார்.

கண்ணாயிக்குச் சின்ன வயசில் ஓரிடத்தில் உட்கார வராது. உட்காரச் சொன்னால் உட்காருவாள். திரும்பிப் பார்த்தால் பலா மரத்தில் இருப்பாள். தண்ணீருக்கு அனுப்பினால் குடத்தை ஊற்றிலேயே விட்டுவிட்டு, வழியில் பார்த்த அணில் என்ன செய்தது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு வருவாள். அடுப்பைப் பார்த்துக்கொள் என்றால் களி அடிப்பிடித்துவிடும். படலைச் சாத்து என்றால் சாத்தத்தான் போவாள்; படலின் மேல் ஒரு ஓணான் இருக்கும்; அப்புறம் படலாவது ஒன்றாவது. மாடு போய் அடுத்தவர் சாமையை மேய்ந்துவிடும். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இப்போது டாக்டர்கள் ஏதோ பெயர் வைத்திருக்கிறார்களாம். எழுபதுகளில் வாழவந்தியில் அதற்கு இருந்தது ஒரே பெயர்தான், திமிர்.

இதில் ஒன்றை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. படல் திறந்து கிடந்தது ஒருநாள். சாமைக்காட்டுக்காரர் ஊர்க்கூட்டத்தில் முறையிட்டு, சின்னையனை நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்டு, அவர் முகம் கறுத்து வீடு திரும்புவது வேறொரு நாள். அதற்குள் கண்ணாயிக்குப் படலும் ஞாபகம் இருக்காது, மாடும் ஞாபகம் இருக்காது. வாசலில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறவள் முதுகில் திடீரென்று அடி விழும். "எதுக்குன்னு தெரியுதா? தெரியுதாடி?" என்று கேட்டுக் கேட்டு அடிப்பார். தெரிந்தால் சொல்ல மாட்டாளா!

யாரும் சொல்லாததால் அவளே காரணம் கண்டுபிடித்தாள். அப்பாவிடம் ஒரு பச்சைத் துண்டு இருந்தது. வெறும் தோளோடு தோட்டத்திலிருந்து வந்தால், "கண்ணு, இந்தா" என்று மடியிலிருந்து கொய்யாப்பழம் எடுத்துக் கொடுப்பார். பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு வந்தால் அடிப்பார். அவள் பல தடவை பார்த்துவிட்டாள், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஊர்க்கூட்டத்துக்குப் போகும்போது மட்டும்தான் அவர் அந்தத் துண்டைப் போடுவார் என்பது அந்த வயசில் அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பா நல்லவர், துண்டுதான் அவரை அடிக்கவைக்கிறது என்று அவள் முடிவுகட்டினாள்.

முடிவுகட்டினால் சும்மா இருப்பாளா? அம்மா ராசம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்த நேரம் கொடியிலிருந்த துண்டை உருவிக்கொண்டு வந்து அடுப்பில் திணித்துவிட்டாள். புகை வீடெல்லாம் சூழ்ந்தது. சின்னையன் ஓடிவந்து பார்த்தபோது துண்டின் ஒரு மூலைதான் மிச்சம்.

"ஏண்டி போட்ட?"

"அதுதானுங்கப்பா உங்களை அடிக்க வெக்குது. அது இல்லீன்னா நீங்க நல்ல அப்பாங்க."

அவர் அடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். தான் சொன்னது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று கண்ணாயி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர் பலாக்கிளை ஒன்றை வெட்டிக்கொண்டுவந்து வாசலில் உட்கார்ந்து செதுக்க ஆரம்பித்தார். கண்ணாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்த்தாயா, துண்டு போனதும் அப்பா எப்படி மாறிவிட்டார்! எனக்கு மரப்பாச்சி செய்கிறார்! பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவள் ஓரிடத்தில் உட்கார்ந்தாள். மஞ்சள் மஞ்சளாய்ச் சுருண்டு விழுகிற செதில்களைப் பொறுக்கி மடியில் சேர்த்தாள். அவர் இழைத்தார், ஓட்டை போட்டார், விளக்கெண்ணெய் தடவித் துடைத்தார். "கண்ணு எப்பப்பா வெப்பீங்க?" என்று மரப்பாச்சிக்குக் கண் வைப்பதைப் பற்றிக் கேட்டாள். அவர் ஓட்டையில் கயிற்றைக் கோத்தார். எல்லாம் முடிந்ததும் "இங்க வா சாமி" என்று கூப்பிட்டார். ஓடிப்போய் நின்றாள். கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து பின்னால் முடிச்சுப் போட்டார்.

அதற்குப் பிறகு அவரும் ராசம்மாளும் எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போகும்போதெல்லாம் கண்ணாயியின் கழுத்தில் கட்டை தொங்கியது. ஓடினால் முட்டியில் இடித்தது. ஊர்ப் பிள்ளைகள் "ம்மா... ம்மா..." என்று மாடு மாதிரிக் கத்திக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். சாயங்காலம் அவர் வந்து அவிழ்த்துவிடுவார், காலையில் மறுபடியும் கட்டுவார்.

அம்மாவிடம் அழுதாள். "அப்பா அவுத்துடுவாங்க கண்ணு, அழுவாத" என்பாளே தவிர, ராசம்மாள் கை வைக்க மாட்டாள். இதற்கும் கண்ணாயி ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அம்மாவுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. பாவம் அம்மா, அப்பா போடுகிற முடிச்சு கஷ்டமான முடிச்சு, அம்மாவின் கையோ எப்போதும் ஈரமாக இருக்கிறது, வழுக்கும். இப்படி நினைத்து அம்மாவுக்காக இவள் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தாள்!

சாமை அறுத்துக் களத்துக்கு வந்தது. வீட்டில் மயிலை மாட்டுக்கும் ஒரு கட்டை உண்டு. ராசம்மாள் ஒரு கையில் பால் சொம்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அந்த மாட்டின் கழுத்து முடிச்சை ஒரு சுண்டு சுண்டினாள். கட்டை கீழே விழுந்தது. அதே முடிச்சு, அப்பா போட்ட முடிச்சு. மாடு கழுத்தை உதறிக்கொண்டு துள்ளிப் போனது. கண்ணாயி தன் கட்டையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றோடு அவளுக்கு அம்மாவும் போய்விட்டாள்.

இனிமேல் யாரும் அவிழ்க்கப் போவதில்லை என்று தெரிந்ததும் கட்டையோடு ஓடப் பழகினாள். அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவாள், தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மரம் ஏறுவாள். ஒருநாள் கொய்யா மரத்தில் ஏறினபோது கட்டை ஒரு கவட்டையில் மாட்டிக்கொண்டது, கால் வழுக்கியது, கயிறு கழுத்தை இறுக்கியது. அந்தப் பக்கம் தற்செயலாக வந்த பக்கத்து வீட்டுச் சித்தன் அரிவாளால் கயிற்றை வெட்டாவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருந்திருக்காது. கழுத்தில் தழும்பு நின்றுவிட்டது. சின்னையன் வந்து தழும்பைப் பார்த்தார், கட்டையை எடுத்துப் பரண்மேல் போட்டார். அதற்குப் பிறகு கட்டவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வருஷக்கணக்காக ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே வீட்டில் தூங்கி, ஒரு வார்த்தை இல்லை. அடித்ததைக்கூட மறந்துவிடலாம், இந்த ஊமைத்தனத்தை எப்படி மறப்பது?

வயசு வந்ததும் சேலத்திலிருந்து வந்து ஏற்காட்டு ஓட்டலில் புரோட்டா போட்டுக்கொண்டிருந்த மாரியப்பனைக் கட்டிக்கொண்டு போனாள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரு துணிமணி எடுக்கவில்லை. பரண்மேல் ஏறிக் கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

எந்தக் குணத்துக்காக ஊரில் உதை வாங்கினாளோ அந்தக் குணம்தான் ஏரிக்கரையில் அவளுக்குச் சோறு போட்டது. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னலுக்கு ஜன்னல் பறப்பாள். ஒரு கை சோளத்தைத் திருப்பும், ஒரு கை கடலை பொட்டலம் கட்டும், வாய் மூன்றாவது ஆளிடம் பேசிக்கொண்டிருக்கும். "உனக்கு உடம்புல மோட்டார் வெச்சிருக்குதா?" என்று மாரியப்பனே கேட்பான். ஆனால் கட்டையை மட்டும் அவள் ஒருநாளும் மறக்கவில்லை. கடை திறந்தால் முதல் வேலை அதைத் துடைப்பது.

பழி வாங்குவது என்றால் அரிவாள் எடுப்பதுதான் என்று யார் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மலையிலிருக்கிற எல்லா ஊர்க்காரர்களும் ஏற்காட்டுக்கு வந்தாக வேண்டும். கரடியூர்க்காரர்கள் வருவார்கள், செம்மநத்தத்துக்காரர்கள் வருவார்கள், வாழவந்திக்காரர்களும் வருவார்கள். எல்லாரும் கட்டையைப் பார்த்தார்கள், எல்லாரும் கதையைக் கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கதை பஸ் ஏறி ஊருக்குப் போனது.

வாழவந்தி பஸ்ஸின் கண்டக்டர் சென்றாயன் ஊர்ச் சேதியை அவளுக்குக் கொண்டுவருகிற ஆள். ஒருநாள் இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

"ஏனுங்க, நேத்து ஊர்க்கூட்டத்துல என்ன நடந்துச்சு தெரியுமுங்களா? காளியப்பன் மாடு யாரோ காட்டுல பூந்துருச்சுன்னு பேச்சு. உங்கப்பாரு எந்திரிச்சு நியாயம் சொல்ல வாயெடுத்தாரு. பின்னாலிருந்து ஒருத்தன், 'கட்டை போட்டுடலாமுங்களா?'ன்னான் பாருங்க. கூட்டமே கொல்லுனு சிரிச்சுப்போச்சு. அவரு அப்படியே உக்காந்துட்டாருங்க."

"மறுபடி சொல்லுங்க."

"என்னத்தைங்க?"

"அவரு உக்காந்ததை."

சென்றாயன் மறுபடியும் சொன்னான். இருக்கிறதிலேயே பெரிய சோளமாகப் பார்த்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அன்றைக்கு முழுக்க அவளுக்குக் காலே தரையில் படவில்லை. அதற்குப் பிறகு அடுத்தடுத்துச் சேதி வந்தது. சின்னையன் கூட்டத்துக்குப் போவதை விட்டார், சந்தைக்கு வருவதை விட்டார், கடைசியில் வாசலுக்கு வருவதையும் விட்டார். ஒவ்வொரு சேதிக்கும் ஒரு சோளம். சென்றாயனுக்குச் சோளம் தின்று வாய் சலித்திருக்கும்.

இனி அமுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாயியின் ஒரே மகள். அம்மாவை அச்செடுத்த மாதிரி. பள்ளிக்கூடத்துக்குப் பையோடு போனால் பை இல்லாமல் வருவாள். உப்பு டப்பாவைத் திறந்தால் மூட மாட்டாள். சோளத்தைப் பார்த்துக்கொள் என்று விட்டுப் போனால் ஏரியில் வாத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கண்ணாயிக்கு இதில் ஒரு பெருமை உண்டு. நான் எங்கப்பன் மாதிரி இல்லை, இந்தப் பிள்ளை மேல் ஒருநாள் கை வைத்ததில்லை என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அது நிஜம்தான். கை வைக்கவில்லை. கத்துவாள். அடுத்த கடைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்கிற மாதிரிக் கத்துவாள். கத்தி ஓய்ந்து கடைசியில், "அந்தக் கட்டையைப் பாருடி! உனக்கும் ஒண்ணு செய்யச் சொல்லட்டுமா?" என்று முடிப்பாள். சும்மா வாய்வார்த்தைதானே என்று அவள் எண்ணம். சொன்ன மறுநிமிஷமே பிள்ளையை இழுத்து வைத்துத் தலைவாரிவிடுவாள். அமுதா மட்டும் தலையைச் சாய்த்துக் கட்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மழை விட்டுக் காற்று தொடங்கிய ஒரு வாரத்தில் ராசம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மகளைப் பார்க்கிறாள். கடைக்கு முன்னால் நின்று கட்டையைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதை எறக்கிரு கண்ணு. அப்பா சரியாச் சாப்படறதில்ல. ஊட்டைவுட்டு வெளிய வாரதில்ல. கெடையில உழுந்துருவாரு போல இருக்குது."

"உழுவட்டும்."

"அப்படிச் சொல்லாத சாமி. உம்மேல ஆசை இல்லாமயா? உனக்கு முட்டி சிராய்க்கக் கூடாதுன்னு அந்தக் கட்டையை எத்தன நாள் உக்காந்து இழைச்சாரு, நீயும்தான பாத்த?"

கண்ணாயிக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. இழைத்தாராம்! அவளுக்கு அந்தக் கட்டையில் பொறுக்கவே முடியாதது அந்த வழவழப்புதான். கோபத்தில் கையில் கிடைத்ததை எடுத்துக் கட்டியிருந்தால்கூட மன்னித்திருக்கலாம். உட்கார்ந்து, நிதானமாக, எண்ணெய் தடவி அல்லவா செய்தார்!

"ஏம்மா, உனக்கு முடிச்சு அவுக்கத் தெரியுமா?" என்றாள்.

ராசம்மாளுக்குப் புரியவில்லை.

"தெரியும். மயிலைக்கு அவுத்தியே, நான் பாத்தனே. இதையும் அவுத்துக்கிட்டுப் போ பாக்கலாம்."

ராசம்மாள் கையைத் தூக்கினாள். கயிற்றைத் தொடாமலே கீழே போட்டுவிட்டாள்.

"அவரையே வரச் சொல்லு," என்றாள் கண்ணாயி. "இங்க நின்னு, இந்த ஜனத்துக்கு முன்னால, 'நான் செஞ்சது தப்பு'ன்னு சொல்லட்டும். சொன்ன அன்னிக்கே இந்தக் கட்டையை அடுப்புல போட்டுடறேன். அதுக்கு மின்ன எறக்க மாட்டேன், நீ அழுது பொரண்டாலும் சரி."

அமுதா அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சோளத்தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பு என்ற வார்த்தை வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். அதைக் கண்ணாயி கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. காற்று கடைத் தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. கண்ணாயி பஸ் ஸ்டாண்டு முனையில் வியாபாரத்தில் இருந்தபோது வாழவந்தி பஸ் வந்து நின்றது. சென்றாயன் படியிலிருந்து குதித்து ஓடிவந்தான்.

"ஏனுங்க, வந்துட்டாருங்க! உங்கப்பாரு வந்துட்டாருங்க!"

சின்னையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். கண்ணாயியின் கண் முதலில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வயசாகியும் அது தோளைத்தான் பார்த்தது. தோளில் துண்டு இல்லை.

காத்திருந்த நாள் வந்துவிட்டது. முன்னால் நடந்துகொண்டே சத்தம் போட்டாள். "வாங்க, எல்லாரும் வாங்க! கட்டை கட்டினவரு வந்திருக்கறாரு, வந்து பாருங்க!" சந்தைக்கு வந்த ஜனம் பின்னாலேயே வந்தது. பொம்மைக் கடைக்காரன் வந்தான், பஜ்ஜிக் கடைக்காரி வந்தாள், ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து வளைத்துக்கொண்டார்கள். சின்னையன் நடுவில் நின்றார்.

"இதோ பாருங்க, இதுதான்..." என்று சொல்லிக்கொண்டே கண்ணாயி கையை உயர்த்திக் காட்டினாள்.

முகப்பில் வெறும் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

கீழே அடுப்பில் கட்டை எரிந்துகொண்டிருந்தது. ஓட்டை போட்ட முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த பலா வைரம் அல்லவா, திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. அமுதா அடுப்பு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் அதை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி போட்ட?"

கத்தின கத்தலில் பக்கத்திலிருந்த காக்காய்கள் எழும்பின. இத்தனை வருஷத்துச் சபதமும் கண் முன்னால் புகையாய்ப் போகிறதே! ஒரே எட்டில் போய்ப் பிள்ளையின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். வலது கை தலைக்கு மேலே போய்விட்டது. முதல்முறையாகப் போனது.

அமுதா அழவில்லை. வாங்கப்போகிற அடியைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகவே தெரியவில்லை.

"அது ஆடினாத்தாம்மா நீ கத்துவ," என்றாள். "காத்தடிச்சா அது ஆடும். அது ஆடினா நீ கத்துவ. நான் நொம்ப நாளாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கறேன். முடிச்சை நானே அவுத்தேம்மா. இனி நீ நல்ல அம்மா."

காற்றடித்தால் மூடுபனி வரும், மூடுபனி வந்தால் டூரிஸ்டு வர மாட்டான், வியாபாரம் படுத்துவிடும், கண்ணாயி எரிந்து விழுவாள். இது பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆடுகிற கட்டை ஒன்றுதான் அதன் கண்ணில் பட்டது. கண்ணாயியின் கை மேலேயே நின்றுவிட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இந்தப் புள்ளைக்கும் ஒரு கட்டை போட்டுடலாமுங்களா?"

கொல்லென்று சிரித்தார்கள். இந்தச் சிரிப்பை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுச் சோளம் கொடுத்தவள் கண்ணாயி. இப்போது அவள் காதாலேயே கேட்டாள். சின்னையனைப் பார்க்கத்தான் ஜனத்தைக் கூட்டிவந்தாள், ஜனம் அவளுடைய ஓங்கிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கையைக் கீழே இறக்கினாள். சின்னையன் ஓரடி முன்னால் வந்தார்.

"அன்னிக்கு நீயும் இதையேதான் சொன்ன, கண்ணு."

"என்ன சொன்னேன்?"

"துண்டு இல்லீன்னா நீங்க நல்ல அப்பாங்கன்னு."

அவள் அவரையே பார்த்தாள். "உங்க காதுல உழுந்துச்சா?"

"உழுந்துச்சு. நல்லாவே உழுந்துச்சு." அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கேட்டதும் எனக்கு ஆங்காரம் வந்துருச்சு. ஊர்க்காரன் முன்னால தல குனிஞ்சு நின்னதுகூட எனக்குப் பெருசாத் தெரியல. இத்துனூண்டு புள்ள என்னைக் கெட்டவன்னு சொல்லிப்போடுச்சேன்னுதான் ஆங்காரம். அதுக்குத்தான் கட்டையச் செதுக்கினேன். மாடு மேஞ்சதுக்கு இல்ல. நான் செஞ்சது தப்பு."

சொல்லிவிட்டார். இந்த மூன்று வார்த்தைக்குத்தான் இத்தனை வருஷமும். கண்ணாயி அது நெஞ்சில் எங்காவது இறங்குகிறதா என்று பார்த்தாள். காது கேட்காத மனுஷன், புத்தி தெரியாத மனுஷன் என்று நினைத்து வெறுத்திருந்தாள். எல்லாம் கேட்டு, எல்லாம் புரிந்து, அதற்கப்புறம் நிதானமாக எண்ணெய் தடவியிருக்கிறார். வெறுப்பு குறையவில்லை, இன்னும் கூடித்தான் போனது.

சட்டென்று குனிந்து, எரிகிற கட்டையின் வெளி முனையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை சுட்டது. பாதிதான் எரிந்திருந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்தால் மறுபடியும் தொங்கவிடலாம். கரிந்த கட்டை இன்னும் நன்றாகவே கதை சொல்லும். இந்த ஆளைச் சாகிற வரைக்கும் தலைநிமிர விடாமல் பண்ணலாம். அண்டாப் பக்கத்திலேயே வாளியில் தண்ணீர் இருந்தது.

அமுதாவைப் பார்த்தாள். பிள்ளை கட்டையைப் பார்த்தது, பிறகு அம்மாவைப் பார்த்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது. கட்டை வெளியே வந்துவிட்டதே, இனி அம்மா எந்த அம்மா என்று பார்க்கிற பார்வை அது. அந்தப் பார்வையைக் கண்ணாயிக்குத் தெரியும். பச்சைத் துண்டு தெரிகிறதா என்று படலோரம் நின்று அவளே பார்த்திருக்கிறாள்.

கட்டையை அடுப்புக்குள் திருப்பித் தள்ளினாள். முழுசாக உள்ளே போகிற வரைக்கும் தள்ளினாள். ஊதாங்குழலை எடுத்து ஊதினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, புகைதான் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும்.

"அப்ப நான் போய்ட்டு வரட்டுமா கண்ணு?" என்றார் சின்னையன். தூரத்தில் பஸ் ஹார்ன் அடித்தது. "ஏனுங்க, ஏறுங்க, நேரமாச்சு!" என்று சென்றாயன் குரல் கொடுத்தான்.

"அவரு வரலீங்க, நீங்க போங்க," என்று கண்ணாயி கத்தினாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "நில்லுங்க. அது சாம்பலாகற வரைக்கும் இங்கேயே நில்லுங்க. வெள்ளாமை ஊடு வந்து சேந்தும் நான் கட்டையோட நின்னன்ல? நீங்களும் நில்லுங்க. சொல்லிட்டீங்க, சரி. அதுக்காக நான் உங்களை உட்டுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. உடவே மாட்டேன்."

பஸ் போய்விட்டது. கூட்டம் கலைந்தது. சின்னையன் நின்றார். உட்கார முக்காலி இருந்தது, அவளும் போடவில்லை, அவரும் கேட்கவில்லை. வெந்த சோளத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தாள், அவருக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. கட்டையின் ஓட்டை போட்ட முனை கடைசியாகப் பிளந்து உள்ளே விழுந்தபோது அவர் கடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அமுதா இதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டு, ஒரு நாய்க்குட்டிக்குச் சோளக்கட்டையைக் காட்டி ஓடவைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பப் போங்க," என்றாள் கண்ணாயி. அவர் அடுத்த பஸ்ஸுக்காக ரோட்டோரமாக நடந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடியும் காற்று ஒரு வீசு வீசியது. உப்பு டப்பா மூடியில்லாமல் கிடந்தது, எல்லாம் வாரிக்கொண்டு மண்ணில் போய்க் கொட்டியது. "அடியே..." என்று கண்ணாயி வாயெடுத்தாள். நாய்க்குட்டியோடு ஓடிக்கொண்டிருந்த அமுதா அப்படியே நின்றாள். டப்பாவை அவள் பார்க்கவே இல்லை. முகப்பில் ஆடிக்கொண்டிருந்த வெறும் கயிற்றைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் வாயைப் பார்த்தாள்.

கண்ணாயி வாயை மூடிக்கொண்டாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். நைலான் கயிறு, வருஷக்கணக்காக வெயிலும் மழையும் குடித்து இறுகிப்போயிருந்தது, சுட்ட கை வேறு எரிந்தது. பல்லால் கடித்து இழுத்துத்தான் மேலே முகப்புக் கம்பில் இருந்த அந்த முடிச்சை அவிழ்த்தாள்.